அப்பா, அந்த நட்டைத் தளர்த்தாதேங்கோ

இந்தக் கிழமை எபிசோடில் வண்டிக்குள் இருக்கிற கொம்பியூட்டர்களைப் பற்றிக் கதைச்சோம். அதில் ஒரு சாமானுக்கு நேரம் போதவில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வால்வு, அவ்வளவுதான். பெயர் டீசல் பிரஷர் ரெகுலேட்டர். கராஜ்காரர் 'ரெகுலாத்தர் து ப்ரெசியோன்' என்பார். லா சப்பலில் எத்தனையோ கடை வான்கள் ஸ்டார்ட் வராமல் நிக்கும்போது பழி இதன்மேல்தான் விழும். பல நேரம் இது ஒரு பிழையும் செய்திருக்காது.

ரூ கய், ரூ பெர்தோனே பக்கம் காலமை நடந்தால் பார்த்திருப்பீங்கள். வெள்ளை வான்கள் ரெண்டாம் வரிசையில் வோர்னிங் லைட் போட்டபடி நிக்கும். வெங்காயப் பை, முருங்கைக்காய்க் கட்டு, மீன் பெட்டி எல்லாம் இறங்கும். சிலது விடியாமலே ரன்ஜிஸ் சந்தைக்குப் போய் வந்திருக்கும். எஞ்சினை நிப்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் வராதோ என்ற பயத்தில் ஓடவிட்டபடியே இறக்குகிறவர்களும் இருக்கினம். காது குடுத்துக் கேட்டால் ஐடில் ஒரு சீராக இல்லாமல், மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும்.

இப்படி ஒரு வான் வீட்டில் இருந்தால் அடுத்து நடக்கிறது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அப்பா பொனெற்றைத் திறந்து, "காத்துப் பிடிச்சிட்டுது போல" என்பார். மகனோ மகளோ புளூடூத் டொங்கிளைச் செருகி, போனில் பார்த்து, "பி-0087 காட்டுது அப்பா, ரெகுலேட்டர் போட்டுது, ஓடர் பண்ணுறன்" என்பினம். ரெண்டு பேரிடமும் பாதி உண்மை இருக்கு. ரெண்டு பேரும் தனித்தனியாக அதை வைத்து வேலை தொடங்கினால் ஒருவர் காசை இழப்பார், மற்றவர் விரலை இழக்கலாம். விரல் என்று சும்மா சொல்லவில்லை. அதுக்கு வருவோம்.

கோட் யாரையும் காட்டிக் குடுக்காது

பி-0087 என்றால் 'ரெயிலில் பிரஷர் போதாது'. அவ்வளவுதான் அதன் பொருள். கொம்பியூட்டர் 300 பார் கேட்டது, சென்சர் 180 என்று சொன்னது, வித்தியாசம் சில நொடி நீடித்தது, உடனே கோட் எழுதிவிட்டது. கடையில் பின்னேரம் கல்லாவை எண்ணும்போது காசு குறையுது என்றால் கணக்குப் புத்தகம் குறைவைச் சொல்லும், ஆர் எடுத்தது என்று சொல்லாது. அதே கதைதான்.

கோடிங் படிச்சவைக்கு இது டக்கென்று விளங்கும், ஏனென்றால் இது ஒரு பீட்பக் லூப். ரெயில் என்பது தடித்த இரும்புக் குழாய். பம்ப் அதுக்குள் டீசலைத் திணிக்கும். எல்லா இன்ஜெக்டரும் (ஊரில் 'நொசில்') அதிலிருந்துதான் எடுக்கும். முனையில் ஒரு பிரஷர் சென்சர். பழைய போஷ் சிபி1 பம்பில் ரெகுலேட்டர் பம்பின் மேலேயே இருக்கும். ஒரு சிறிய இரும்புக் குண்டு துளையை அடைச்சுக்கொண்டிருக்கும், பின்னாலிருந்து ஸ்பிரிங்கும் மின்காந்தமும் அதைத் தள்ளும். மின்சாரம் இல்லாவிட்டால் ஸ்பிரிங் மட்டும் சுமார் 100 பார் வரை தாங்கும். கரண்ட் கூடக் கூட குண்டு இறுக்கமாக அமரும், டீசல் தப்ப முடியாமல் பிரஷர் ஏறும். கொம்பியூட்டர் இதை நொடிக்கு 1000 தடவை போட்டு நிப்பாட்டி ஓட்டுகிறது. ஐடில் ஏறி இறங்குகிற சத்தம் இந்த லூப் குறி தவறித் தவறித் தேடுகிற சத்தம்.

ஆனால் தேடுகிற ஆள்தான் பிழை என்று எப்படிச் சொல்லுறது? பில்டர் அடைச்சிருந்தால் பம்புக்குச் சாப்பாடு இல்லை. ரியூப்பில் எங்கோ காற்று உள்ளே இழுபட்டால் பம்ப் நுரையைத் தள்ளும். ஒரு இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து டீசலை ரிட்டர்ன் லைனில் ஒழுகவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் ரெயில் நிரம்பாது. சென்சரே பொய் சொல்லலாம். இந்த நாலிலும் டொங்கிள் காட்டுவது ஒரே கோட்தான்.

புதிய வான்களில் இன்னொரு வால்வும் சேர்ந்திருக்கு. பம்பின் வாசலிலேயே, எவ்வளவு டீசல் உள்ளே போக வேண்டும் என்று அளந்து விடுகிற மீற்றரிங் வால்வு. முதலில் எல்லாத்தையும் அமுக்கிப் பிறகு மிச்சத்தைத் திருப்பி விடுவதை விட இது புத்திசாலித்தனம், டீசலும் தேவையில்லாமல் சூடாகாது. ஆனால் குழப்பமும் இங்கேதான். யூடியூபில் ஒரு அண்ணை "பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ, ஓடினால் ரெகுலேட்டர் பிழை" என்பார். போஷ் மீற்றரிங் வால்வு பெரும்பாலும் மின்சாரம் இல்லாதபோது முழுதாகத் திறக்கும் வகை. டென்சோவில் ரெண்டு வகையும் உண்டு. பழைய ரெகுலேட்டரில் பிளக்கைக் கழட்டினால் பிரஷர் விழும், மீற்றரிங் வால்வில் கழட்டினால் உச்சத்துக்கே போகலாம். எது உங்கள் வானில் என்று தெரியாமல் பிளக்கில் கை வைக்காதேங்கோ.

அப்பாக்கள் கற்ற எஞ்சின் வேறு

அப்பாவின் "காத்துப் பிடிச்சிட்டுது" எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்தில் டீசல் எஞ்சினோடு பழகினவர்களில் கனபேர் பழகினது மெசி பெர்குசன் 135 உழவு இயந்திரம், பழைய லொறி, மினிபஸ். 135 இல் இருந்தது பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின், அதில் சி.ஏ.வி. சுழல் பம்ப். கொம்பியூட்டர் ஒன்றும் கிடையாது. பம்ப் ஒவ்வொரு நொசிலுக்கும் தனிக் குழாயில் ஒரு உந்து குடுக்கும், நொசிலின் ஸ்பிரிங் 200 பாருக்குக் கிட்டத் திறக்கும், முடிஞ்சுது. டாங்கி வற்றி லைனில் காற்று ஏறினால் நொசில் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துவார்கள். ஒருவர் ஸ்டார்ட்டரை அடிப்பார், நுரை வரும், பிறகு சுத்தமான டீசல் வரும், நட்டை இறுக்கினால் எஞ்சின் பிடிக்கும். ஓடுகிற எஞ்சினில் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, எதில் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் செத்தது என்று கண்டுபிடிப்பதும் இதே கைதான். அந்தக் காலத்து ஸ்கானர் அது.

1990 இல் போர் திரும்பத் தொடங்கி வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு இந்தக் கைகளுக்கு இன்னும் வேலை கூடியது. பெற்றோல் கிடைத்தாலும் விலை எட்டாது. மோட்டார் சைக்கிளும் ஒஸ்ரின் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பத்தாது என்பதால் சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். பிளக் கரி பிடிக்கும், கழட்டித் துடைத்துத் திரும்பப் போடுவார்கள். கையேடு, உதிரிப்பாகம் ஒன்றுமில்லாமல் ஒரு முழு ஊரே எரிபொருளின் குணத்தைக் காதாலும் மூக்காலும் படிச்சது. உங்கள் வீட்டில் அந்த நாளில் வண்டி ஓட்டின ஒருவர் இருந்தால் ஒரு மணித்தியாலம் கேட்டுப் பாருங்கோ. எந்த எபிசோடையும் விட நல்லா இருக்கும்.

அந்த அறிவை நாங்கள் மதிக்கிறம். அதனால்தான் அடுத்ததைக் கடுமையாகச் சொல்லுறம்.

1990களின் நடுவில் டீசல் மாறிவிட்டது. ரெயில் முறை லொறியில் முதலில் வந்தது 1995 இல், டென்சோ செய்து ஹினோ ரேஞ்சரில் பூட்டியது. காரில் 1997 இல் அல்ஃபா ரோமியோ 156. ஃபியற் குழுமம் இத்தாலியில் வளர்த்து, பிறகு போஷுக்கு விற்ற தொழில்நுட்பம் அது. 1998 இல் பெஜோ-சித்ரோயன் 'ஹாஷ்-தே-இ' என்ற பெயரில் பிரான்ஸ் ரோட்டுக்குக் கொண்டுவந்தது. முதல் தலைமுறையிலேயே உச்சப் பிரஷர் 1350 பார். பிறகு 1600, 1800, இப்போது 2000 தாண்டியும் இருக்கு. வானின் ரயரில் இருப்பது மூன்று நாலு பார். 1350 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது விரல் நகத்தளவு இடத்தில், கிட்டத்தட்ட 1.4 தொன் பாரம்.

இதில் ஓடுகிற எஞ்சினின் நட்டைத் தளர்த்தினால் வருவது நுரை இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஊசி. கையுறையையும் தோலையும் துளைச்சுக்கொண்டு போகும். ஒழுகுதா என்று பார்க்கக் குழாயில் விரலால் தடவுவதும் அதே ஆபத்துத்தான். இந்தக் காயத்தின் கெட்ட குணம், முதலில் அது ஒன்றுமே இல்லாதது போல இருப்பது. ஒரு ஊசி குத்தின புள்ளி, கொஞ்சம் விறைப்பு. "சரி சரி, கழுவிட்டு வேலையைப் பாப்பம்" என்று அப்பா சொல்லுவார். உள்ளே டீசல் தசைநாரின் உறை வழியே பரவிக்கொண்டிருக்கும். சில மணித்தியாலத்தில் வீங்கும், தசை சாகும். தாமதித்தால் விரலை எடுக்க வேண்டி வரலாம். இது சத்திரசிகிச்சை அவசரம், விடியும் வரை காத்திருக்கிற வேலை இல்லை. 15 க்கோ 112 க்கோ அடியுங்கோ, 'அதிக பிரஷரில் டீசல் கைக்குள் போய்விட்டது' என்ற வார்த்தையைத் தவறாமல் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் சின்னக் காயம் என்று உங்களை வரிசையில் இருத்திவிடுவினம். கைக்கென்றே அவசர மையங்கள், எஸ்.ஓ.எஸ். மேன் என்ற பெயரில், பிரான்சில் இருக்கு.

அப்பாவுக்குச் சொல்லும்போது "உங்களுக்குத் தெரியாது" என்று தொடங்கினால் தோற்றுப்போவீங்கள். "பம்புக்கு முன்னால் எல்லாம் உங்கட ராச்சியம், பம்புக்குப் பின்னால் ஒருத்தரும் கை வைக்கிறேல்ல" என்று எல்லை கீறுங்கோ. அது உண்மையும்கூட.

பம்புக்கு முன்னால்

டாங்கியிலிருந்து பம்ப் வாசல் வரைக்கும் பிரஷர் சில பார்தான். சில வான்களில் டாங்கிக்குள் மின்பம்ப் இல்லாமல் உறிஞ்சித்தான் எடுக்கும், அங்கே பிரஷர் வெளிக்காற்றை விடவும் குறைவு. பழைய கை அறிவு இங்கே அப்படியே செல்லும். கறுப்பு ரப்பர் பந்து மாதிரி ஒன்று இருந்தால் அது கைப்பம்ப். பிரெஞ்சுக்காரர் அதை 'புவார்', பேரிக்காய் என்பினம். பில்டர் மாத்தின பிறகு அது கல்லுப் போல இறுகும் வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றுவதில் அப்பாவை வெல்ல ஆளில்லை.

பார்க்கிற ஒழுங்கு மலிவிலிருந்து விலைக்கு. முதலில் பில்டர். எப்போது மாத்தினது என்று வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை என்றால் அதுவே பதில். பில்டரின் அடியில் தண்ணி வடிக்கிற திருகு இருந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடிச்சு வையுங்கோ. தண்ணி இருந்தால் அடியில் பிரிந்து நிக்கும். பிறகு ரியூப்கள். பம்புக்குப் போகிற லைனில் சிறு துண்டு தெளிவான ரியூப்பைச் சேர்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். குமிழி இருந்தால் அப்பா சொன்னது சரி, காற்றுத்தான் பிடிச்சிருக்கு. ஒரு பழைய ஓ-ரிங், ஒரு தளர்ந்த கிளிப். சில்லறைக் காசு வேலை.

அடுத்தது சென்சர், அது உங்கள் பகுதி. எஞ்சின் ஒரு இரவு நின்ற பிறகு, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு ரெயில் பிரஷரை அப்பில் வாசியுங்கோ. பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். நின்ற எஞ்சினில் 40 பார் காட்டினால் சென்சரோ வயரோ கதை விடுகுது. பிறகு ஓடவிட்டு, கேட்ட பிரஷர், கிடைத்த பிரஷர் ரெண்டையும் ஒரே கிராபில் போடுங்கோ. மலிவு டொங்கிள் கேட்ட பிரஷரைக் காட்டாமல் விடலாம், கராஜின் 'வலீஸ்' காட்டும். கிடைத்த கோடு கேட்ட கோட்டைச் சுற்றி மேலும் கீழும் ஆடுகுதென்றால் ரெகுலேட்டர்மேல் சந்தேகம் நியாயம். எப்போதும் கீழேயே ஓடி, மேடு ஏறும்போது இன்னும் விழுகுதென்றால் டீசல் வரத்துக் குறைவு, அல்லது எங்கோ ஒழுக்கு.

ஒழுக்கைக் கண்டுபிடிப்பது ரிட்டர்ன் ரெஸ்ற். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் நாலு அளவுப் போத்தலில் விட்டுச் சில நிமிடம் ஓட்டினால் மூன்று ஒரே அளவில் இருக்கும், ஒன்று நிரம்பி வழியும். அதுதான் கள்ளன். சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் வராத வான்களில் இதுதான் வழமையான கதை. சூட்டில் டீசல் இளகும், தேய்ந்த இடைவெளியால் கூட ஒழுகும், ஸ்டார்ட்டர் சுத்துகிற வேகத்தில் ரெயில் நிரம்பாது. இந்த ரெஸ்றைக் கராஜிடம் விடுங்கோ, ரிட்டர்ன் பக்கம் பிரஷர் குறைவென்றாலும் கை நிக்கிற இடம் ரெயிலுக்குப் பக்கத்தில்.

ரெகுலேட்டர்தான் என்று முடிவானால் மாத்துவது பெரிய வித்தை இல்லை. ரெண்டு மூன்று திருகு, புது ஓ-ரிங், ஒரு பிளக். வித்தை சுத்தத்தில் இருக்கு. வால்வுக்குள் இருக்கிற இடைவெளிகள் மைக்ரோன் கணக்கு. ஒரு தலைமுடி 70 மைக்ரோன் அளவு தடிப்பு, அங்கே அது மரக்குற்றி. 2005 தொடக்கத்தில் போஷ் அனுப்பிய டீசல் பம்ப்களில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவான ஒரு புஷ்ஷின் ரெப்லோன் பூச்சு பிழையாகப் போனது. அதுக்காக ஜேர்மனியின் பெரிய கார்க் கம்பனிகள் உற்பத்தி வரிசையையே நிப்பாட்டினார்கள். ரோட்டோரத்தில் தூசிக்கை கொண்டு இதைத் திறக்கிறது எவ்வளவு நல்ல யோசனை என்று நீங்களே யோசியுங்கோ. எஞ்சினை நிப்பாட்டி, கைநூல் சொல்லுகிற நேரம் காத்திருந்து, ரெயில் பிரஷர் விழுந்ததைத் திரையில் பார்த்த பிறகுதான் கை. சில வண்டிகளில் புது வால்வைக் கொம்பியூட்டருக்கு அறிமுகப்படுத்தவும் வேணும்.

புதுசைப் பூட்ட முன்னம் பழைய பில்டரை வெட்டிப் பிரித்து வெயிலில் பிடியுங்கோ. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கோ. மடிப்புக்குள் மினுமினுப்பு இருக்கா? ரெகுலேட்டரைக் கழட்டின துளையில் வெள்ளித் தூள் ஒட்டியிருக்கா? பிரெஞ்சில் அதுக்குப் பெயர் 'லிமாய்', இரும்பு அரத்தூள். பம்ப் தன்னைத் தானே அரைச்சுத் தின்னுது என்று அர்த்தம். அந்தத் தூள்தான் ரெகுலேட்டரைக் கொன்றது, புது ரெகுலேட்டரையும் கொல்லும். பம்ப், ரெயில், இன்ஜெக்டர், குழாய் எல்லாம் மாத்த வேண்டி வரும். அந்தக் கணக்கு வானின் விலையைத் தாண்டலாம். பம்புக்கு டீசலே எண்ணெய், வேறு எண்ணெய் அதுக்குள் போகாது. மண்ணெண்ணெய் கலந்த டீசலோ, தவறி அடிச்ச பெற்றோலோ இந்தப் பம்பை உலர வைத்துத் தேய்க்கும். ஊரில் மண்ணெண்ணெயை மன்னிச்ச எஞ்சின்கள் வேறு.

அப்கிரேட் என்ற பெயரில் வருவது

ரெகுலேட்டர் தேடப் போனால் பக்கத்திலேயே 'புவாத்தியே அடிசியோனெல்' விளம்பரம் வரும். சின்னப் பெட்டி, சென்சர் பிளக்குக்கு நடுவில் செருகினால் குதிரைவலு கூடுமாம். உண்மையில் கூடும். எப்படி என்று பார்த்தால் சிரிப்பு வரும். சென்சர் மூன்று வயர்: 5 வோல்ட், தரை, சிக்னல். பூச்சியத்தில் அரை வோல்ட், உச்சத்தில் நாலரை வோல்ட் என்பது வழமை. பெட்டி நடுவில் இருந்து 4 வோல்ட்டை 3.7 என்று சொல்லும். கொம்பியூட்டர் "ஐயோ பிரஷர் குறைவு" என்று ரெகுலேட்டரை இறுக்கும், உண்மைப் பிரஷர் மேலே போகும், ஆனால் லூப்புக்குத் தெரியாது. மான்-இன்-த-மிடில் தாக்குதல், அச்சு அசல். பாதுகாப்பு எல்லைகளை எழுதின எஞ்சினியர் எல்லாம் பொய்யான எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பினம். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடின கடை வானில் இதைப் பூட்டுவது எங்களுக்குப் புரியாத ஆசை. பிரான்சில் வண்டியின் வலுவை இப்படி மாத்தினால் திரும்ப அங்கீகாரம் எடுக்க வேணும், எடுக்காவிட்டால் விபத்து நாளில் காப்புறுதிக் கம்பனிக்கு நல்ல சாட்டு. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழட்டினாலோ கெடுத்தாலோ 7,500 யூரோ வரை தண்டம்.

உருப்படியான அப்கிரேட் அழகில்லாதது. உற்பத்தியாளர் திருத்தி வெளியிட்ட புதிய பதிப்பு வால்வு இருக்கா என்று சேசி இலக்கம் குடுத்துக் கேட்பது. நல்ல பில்டரை நேரத்துக்கு மாத்துவது. வயர் பிளக்கில் பச்சை பிடிச்ச பின்னைச் சுத்தம் செய்வது.

செலவு செய்ய முன் கண்ணாடியில் ஒட்டின கிறித்-எயர் வட்டத்தையும் பாருங்கோ. 2011 க்கு முன்னர் பதிந்த டீசல் வான் கிறித்-எயர் 3, அல்லது அதிலும் மோசம். 2025 ஜனவரி 1 முதல் பெரும்பாரிஸ் வலயத்தில் கிழமை நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை அதுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு தேசிய சபை இந்த வலயங்களையே ஒழிக்க வாக்களிச்சது. ஆகக் கடைசி நிலையை நகரசபைத் தளத்தில் பார்த்துவிட்டுப் பம்புக்குக் காசு குடுங்கோ. வியாபார வானுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கொன்ட்ரோல் தெக்னிக், இடையில் புகைச் சோதினை தனியாக. ரெகுலேட்டர் ஆடுகிற வான் அந்தப் புகையில் மாட்டுவதும் நடக்கும்.

கராஜில் ரெண்டு கேள்வி கேளுங்கோ. "ரிட்டர்ன் ரெஸ்ற் செய்தீங்களா, நாலு அளவையும் எழுதித் தருவீங்களா?" "பில்டரில் லிமாய் பார்த்தீங்களா?" ரெண்டுக்கும் பதில் இல்லாமல் பம்புக்கு விலை சொன்னால் இன்னொரு கராஜில் தெவி எடுங்கோ. பழைய சாமானில் பூட்ட விருப்பமென்றால் அதையும் கேளுங்கோ: 2017 ஜனவரியிலிருந்து பிரான்சில் கராஜ்காரர் பல பாகங்களுக்கு மீள்பாவனைச் சாமானையும் ஒரு தெரிவாக முன்வைக்க வேணும் என்பது சட்டம், அதில் எஞ்சின் பாகங்களும் அடங்கும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. வெட்டின பில்டரைப் பார்த்து, மினுங்குவது இரும்பா வெறும் டீசல் ஈரமா என்று அவர் ஒரு பார்வையில் சொல்லுவார்.